அப்டேட் ஆனதும் லேப்டாப்பில் சத்தம் போச்சா? கடைக்கு ஓடும் முன் பழைய கெர்னலை எழுப்பிப் பாருங்கள்!

ராத்திரி வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த லேப்டாப். தூங்கப் போகும் முன் அப்டேட் கேட்டது, 'சரி' என்று கொடுத்தாயிற்று. காலையில் திறந்தால் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. செட்டிங்ஸில் ஸ்பீக்கர் பெயர் இருந்த இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று நிற்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துபவர்களில் பலர் இதை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது ஒருநாள் எரிச்சல். ஆனால், பார்வையற்ற ஒருவருக்கு அப்படியில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் 'ஓர்கா' மென்பொருள்தான் அவருக்குக் கண். சத்தம் போனால் திரையே போனதற்குச் சமம். 'டம்மி அவுட்புட்' என்று எழுதியிருப்பதைக்கூட யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம்.

ஸ்பீக்கர் செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. கீபோர்டு, வைஃபை, சவுண்டு சிப் எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். சவுண்டு சிப்புக்கான டிரைவர்கள் 'ஆல்சா' என்ற பெயரில் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால், கெர்னல் மாறும்போது டிரைவரும் மாறுகிறது. புதிய டிரைவர் உங்கள் லேப்டாப்பில் உள்ள சிப்பைச் சரியாக அடையாளம் காணவில்லையென்றால், கதை முடிந்தது.

இன்னொரு காரணம் ஃபர்ம்வேர். சமீப ஆண்டுகளில் வந்த பல இன்டெல் லேப்டாப்களில் 'சவுண்டு ஓபன் ஃபர்ம்வேர்' என்ற தனிக் கோப்பு இருந்தால்தான் ஒலிப்பகுதி வேலை செய்யும். கெர்னல் முன்னேறிவிட்டு இந்தக் கோப்பு பழசாகவே நின்றுவிட்டால், இரண்டும் ஒத்துப்போகாமல் போகலாம். உபுண்டுவில் 'லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா' என்று ஒரு தொகுப்பும் உண்டு. சவுண்டு டிரைவர்கள் பலவும் அதில்தான் இருக்கும். புதிய கெர்னலுக்கு உரிய அந்தத் தொகுப்பு இறங்காமல் போனாலும் இதே நிலைதான்.

முதலில் எளியவை

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யாமல், முழுவதும் ஷட்டவுன் செய்து, அரை நிமிடம் கழித்துத் திறக்கவும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே சவுண்டு சிப் மாட்டிக்கொண்டிருப்பது உண்டு. அடுத்து, சத்தம் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டருக்குப் போகிறதா என்று சவுண்டு செட்டிங்ஸில் பாருங்கள். டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ஒலிக்கட்டங்கள் வரும். எதன் கீழாவது 'எம் எம்' என்ற எழுத்துகள் இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' விசையைத் தட்டினால் போதும்.

பழையது பத்திரமாக இருக்கிறது

இதெல்லாம் பலிக்கவில்லையா? பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: புதிய கெர்னல் வந்ததும் உபுண்டு பழையதை உடனே அழித்துவிடுவதில்லை. முந்தையதும் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

லேப்டாப்பை ஆன் செய்ததும் 'எஸ்கேப்' விசையைத் தட்டினால் (பழைய மாடல்களில் 'ஷிஃப்ட்' விசையை அழுத்திப் பிடித்தால்) 'கிரப்' மெனு வரும். அதில் இரண்டாவதாக 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' இருக்கும். உள்ளே போனால் கெர்னல்களின் பட்டியல். பொதுவாக முதல் இரண்டு வரிகள் புதிய கெர்னலுக்கும் அதன் ரெக்கவரி முறைக்கும் உரியவை. மூன்றாவது வரி பழைய கெர்னல். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சத்தம் திரும்பினால், குற்றவாளி கெர்னல் அப்டேட்தான் என்பது உறுதி. ஸ்பீக்கர் மாற்றச் செலவழிக்க வேண்டாம். பழையதிலும் வரவில்லையென்றால் மட்டும் வன்பொருளைச் சந்தேகிக்கலாம். ஆனால், பழைய கெர்னலிலேயே குடியிருந்துவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் புதியதில்தான் வரும்.

பார்க்க முடியாதவர் என்ன செய்வது?

சிக்கல் இங்கேதான். கிரப் மெனு பேசாது. ஓர்கா விழித்துக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால், விசை வரிசையை மனப்பாடம் செய்யலாம்: கீழ் அம்புக்குறி ஒருமுறை, என்டர், கீழ் அம்புக்குறி இருமுறை, என்டர். இந்த எண்ணிக்கை சரிதானா என்று, சத்தம் நன்றாக இருக்கும் நாளிலேயே வீட்டில் யாரையாவது அருகில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மெனு தானாக மறையாமல் பத்து விநாடி நிற்கும்படியும் அப்போதே மாற்றிவிடலாம்.

கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'இனிட் ட்யூன்' என்றொரு வரி தூங்கிக்கொண்டிருக்கும். முன்னால் உள்ள குறியை எடுத்துவிட்டு கிரப்பைப் புதுப்பித்தால், மெனு வந்ததும் 'பீப்' என்று ஒலிக்கும். கெர்னல் எழும் முன்பே வரும் ஒலி என்பதால், சவுண்டு டிரைவர் கெட்டாலும் இது கேட்கும். எல்லா லேப்டாப்பிலும் ஒலிக்காது என்பதுதான் குறை.

இன்னும் சுலபமான வழி, யு.எஸ்.பி. ஹெட்செட். அதற்குள்ளேயே தனி சவுண்டு சிப் இருக்கிறது. லேப்டாப்பின் சிப் தடுமாறும்போதும் பெரும்பாலும் இது வேலை செய்யும்.

சொன்னால்தான் தெரியும்

லினக்ஸை 1991-ல் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விஷயத்தில் கறார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை புதிய கெர்னல் கெடுத்தால், அது கெர்னலின் தவறுதான் என்பார். ஆனால், உலகிலுள்ள எல்லா லேப்டாப்பையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. உங்கள் மாடலில் சத்தம் போனதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உபுண்டுவில் புகாரைப் பதிய வசதி இருக்கிறது. லேப்டாப் மாடல், சத்தம் வந்த கெர்னலின் எண், வராத கெர்னலின் எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். இரண்டு எண்கள் கிடைத்தால், இடையில் நடந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, கெடுத்த மாற்றம் எது என்று அவர்களால் பிடித்துவிட முடியும். திருத்தம் பிறகு ஏதோ ஒரு அப்டேட்டாக வந்து சேரும். அதுவரை அந்தப் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்.