ஒரே ஒரு மூலம் தெரிஞ்சா முழுச் சமன்பாட்டையும் பிடிக்கலாமா?

‘ஒரு இருபடிச் சமன்பாட்டின் மூலம் 2 + √3. கெழுக்கள் முழு எண்கள். சமன்பாட்டைக் காண்க.’ போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பழக்கமான கேள்விதான். ஆனா இருபடின்னா ரெண்டு மூலம் வேணுமே, ஒண்ணை மட்டும் கொடுத்தா எப்படி?

இரண்டாவது மூலம் ‘முழு எண்கள்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கெழுக்களில் √3 வரக் கூடாது என்றால், மூலங்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் √3 காணாமல் போக வேண்டும். அதற்கு ஒரே வழி, மற்ற மூலம் 2 − √3 ஆக இருப்பது. கூட்டினால் 4, பெருக்கினால் 4 − 3 = 1. ஆக, எக்ஸ்² − 4எக்ஸ் + 1 = 0.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கதை மாறிடும். (எக்ஸ் − √2)(எக்ஸ் − 1) = 0 என்பதற்கு √2 மூலம்; ஆனால் −√2 மூலம் அல்ல. விரித்துப் பாருங்கள், கெழுக்களிலேயே √2 உட்கார்ந்திருக்கும். கேள்வியை வேகமாக வாசித்தால் மார்க் போகிற இடம் இது.

சரி, √ அடையாளமே இல்லாமல் கால்குலேட்டர் 3.302775638 என்று மட்டும் காட்டினால்? 3ஐக் கழியுங்கள். மிச்சமிருக்கும் 0.302775638ஆல் 1ஐ வகுங்கள். மறுபடியும் 3.3027756... வருது! அதாவது எக்ஸ் = 3 + 1/எக்ஸ். இரு பக்கமும் எக்ஸால் பெருக்கினால் எக்ஸ்² − 3எக்ஸ் − 1 = 0.

இது தற்செயல் இல்லை. முழு எண் கெழு கொண்ட இருபடியின் விகிதமுறா மூலம் எதுவானாலும், இப்படிக் கழித்து வகுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுழற்சி வந்தே தீரும் என்று 1770இல் லக்ராஞ்சு நிரூபித்தார். என்ன, எல்லா எண்ணும் முதல் சுற்றிலேயே மாட்டாது. சுற்று நீளமாக இருந்தால் அதற்குள் கால்குலேட்டரின் இலக்கங்கள் தீர்ந்துவிடும்.

இலக்கம் குறைந்தால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. 1.414 என்று பார்த்ததும் எக்ஸ்² − 2 = 0 என்று எழுதத் தோன்றும். ஆனால் எக்ஸ்² + 29எக்ஸ் − 43 = 0இன் ஒரு மூலமும் மூன்று தசம இடத்துக்கு 1.414தான்! நான்காவது இடத்தில்தான் 1.4142, 1.4138 என்று பிரிகின்றன. தோராயக் கணக்கு: மூன்று கெழுவும் இரண்டிரண்டு இலக்கம் என்றால், மூலத்தில் குறைந்தது ஆறு இலக்கமாவது கையில் வேண்டும்.

பெரிய கெழுக்களைத் தேட, லென்ஸ்ட்ரா சகோதரர்களும் லோவாஸும் 1982இல் வெளியிட்ட ‘எல்எல்எல்’ வழிமுறை கணினிகளில் பயன்படுகிறது. ‘நாப்சாக்’ வகைச் சங்கேத முறைகளை உடைக்கவும் இதுவே உதவியது.

இதே கணினியிடம் பையின் (π) மதிப்பைக் கொடுத்தால்? அதுவும் ஏதோ ஒரு சமன்பாட்டை நீட்டும். இன்னும் பத்து இலக்கம் சேர்த்துக் கொடுங்கள். பழைய விடை செல்லாமல் போய், இன்னும் பெரிய கெழுக்களோடு வேறொன்று வரும். பை எந்த முழு எண் கெழுச் சமன்பாட்டுக்கும் மூலம் ஆகாது என்பதை 1882இலேயே லிண்டெமன் நிரூபித்துவிட்டார்.