வளையலும் மாத்திரையும்

அத்தைக்கு வளைகாப்பு நடந்தது 1972-ல், ஏழாம் மாதத்தில். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என ஐந்து வகைச் சோறு. வயிறாரச் சாப்பிட்டது அன்று ஒருநாள்தான். மறுநாளிலிருந்து, “நிறையத் தின்னா பிள்ளை பெருத்துரும், பேறு கஷ்டமாயிரும்” என்று அரைவயிறு. கிரகணத்தன்று இருட்டறையில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

சாஸ்திரத்தில் சீமந்தத்துக்கு முன்னால் பும்சவனம் என்றொரு சடங்கு உண்டு. ஆலமொட்டை இடித்துச் சாறெடுத்துக் கர்ப்பிணியின் வலது மூக்கில் விடுவார்கள். ஆண் குழந்தை வேண்டி. அத்தை வீட்டில் அதெல்லாம் கிடையாது, இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டதோடு சரி. தாயின் மேல் அக்கறை இல்லாமல் யாரும் எதையும் செய்யவில்லை. பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று சொல்லிச் சொல்லிப் பயந்த ஊர் அது. அந்தப் பயத்துக்கு அவர்கள் கையில் இருந்த மருந்து, வேப்பிலையும் வேண்டுதலும்.

ஆனால் தீட்டை அப்படி மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. தொழுவத்தை ஒட்டிய அறையில் மருத்துவச்சி கையில் பிள்ளை பிறந்தது. சீம்பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டுவிட்டுச் சீனித்தண்ணீரைச் சேனையாக வைத்தார்கள். பதினாறு நாள் தனித் தட்டு, பழைய சேலை, யாரும் தொடக்கூடாது. மூன்றாம் நாள் அத்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்களே தவிர, நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஒருவர் இல்லை. பிள்ளை பெற்றவளின் உயிரைக் குடிப்பவற்றில் முதன்மையானவை ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும். இரண்டும் பக்கத்தில் இருந்து, தொட்டுப் பார்த்தால்தான் நேரத்தோடு தெரியும். அத்தை பிழைத்தது அவருடைய உடம்பு வலு.

போன மாதம் அத்தையின் பேத்திக்குச் சமுதாய வளைகாப்பு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் அங்கன்வாடிக்காரர்கள் நடத்துவது. நானும் போயிருந்தேன். அதே வளையல், அதே சந்தனம், அதே ஐந்து வகைச் சோறு. வரிசையில் முக்காடு போட்ட பெண்ணும், கழுத்தில் சிலுவை போட்ட பெண்ணும், திருநீறு பூசிய பேத்தியும். மேடைக்குப் பக்கத்திலேயே எடை பார்க்கும் இயந்திரம். நர்சம்மா ஒவ்வொருத்தியின் கீழிமையையும் விரலால் இழுத்துப் பார்த்தார். பேத்தியின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, “ஹீமோகுளோபின் பதினொன்றாவது இருக்கணும், உனக்கு 9.8. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடாத, எலுமிச்சைச் சாறு குடி. கிரகணம்னு பட்டினி கிடக்காத. சீம்பாலைக் கொட்ட விடாத” என்றார். 1972-ல் செய்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டதுபோல் இருந்தது.

சடங்கைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஊசிக்குக் கூப்பிட்டால் வராத மாமியார், வளையலுக்குக் கூப்பிட்டால் மருமகளைக் கையோடு கூட்டிவருகிறார். அதற்காகப் பெண்ணை வதைக்கும் வழக்கத்தையும் பொறுக்க வேண்டியதில்லை. மகப்பேறு உதவியாக அரசு தரும் 18,000 ரூபாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரை வைத்தது எவ்வளவு பொருத்தம்! கோயிலின் பேரால் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் நின்ற மருத்துவர் அவர்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆனால் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அரைவயிறு இன்னும் முழுசாகப் போகவில்லை.

தீட்டும்தான். அங்கன்வாடிப் பெண் அத்தையிடம் இரண்டு வளையலைக் கொடுத்து, “பாட்டி, நீங்களும் போட்டுவிடுங்க” என்றாள். மாமா போய்ப் பத்து வருஷம். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாம்மா, பிள்ளைக்கு ஆகாது.” பேத்தி நீட்டிய கையை மடக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. அத்தை வளையலை வாங்கி, அவள் விரல் நுனி வரைக்கும் கொண்டுபோய், “மிச்சத்த நீயே ஏத்திக்கோ” என்றார்.