முத்தின் நிஜ நிறம் எது?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டாலும், முத்து மாலை வியாபாரம் நிற்கவில்லை. என் சித்தி வளர்ப்பு முத்து மாலைகளை போட்டோ எடுத்து இணையத்தில் விற்கிறார். ஒருமுறை விற்ற மாலை திரும்பி வந்தது. "படத்தில் பொன்மஞ்சள், கையில் வெளிர் வெள்ளை" என்பது புகார்.

கருவி வைத்து மானிட்டரை கேலிபரேட் செய்தேன். அப்படியும் அதே படம் ஒரு பிரவுசரில் வெளிறியும், இன்னொன்றில் மஞ்சளாகவும் தெரிந்தது. ஏன்?

படத்தில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்வது கலர் புரொஃபைல். சித்தி படத்தைச் சுருக்கி சேமித்தபோது அது நீங்கிவிட்டது. புரொஃபைல் இல்லாத படத்தைச் சில பிரவுசர்கள், 1996-ல் வந்த எஸ்ஆர்ஜிபி தரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு மானிட்டருக்கேற்ப மாற்றும். சில அப்படியே அனுப்பிவிடும். அதிக நிறங்கள் காட்டும் வைடு கேமட் மானிட்டரில் அப்போது நிறம் தூக்கலாகிவிடும்.

தீர்வு எளிது. படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, 'எம்பெட் கலர் புரொஃபைல்' கட்டத்தில் டிக் செய்து சேமியுங்கள். வாங்குபவரின் மானிட்டர் நம் கையில் இல்லையே! அதனால் சித்தி இப்போது முத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துப் படமெடுக்கிறார். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் முத்தின் நிறத்தையும் நம்ப வேண்டாம்.