நோயாளியே வாத்தியார்!

குழந்தைகளே, டாக்டருக்குப் படிக்கும் அண்ணன், அக்காக்கள் எங்கே பாடம் படிப்பர்? 'கல்லூரியில், ஆஸ்பத்திரியில்' என்பீர்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில், நோயாளியின் வீட்டுக்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்தும் படிக்கின்றனர்!

அங்குள்ள பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும், சர்ரே பல்கலைக்கழகமும் 2014ல் துவங்கிய திட்டம் அது. பெயர், 'டைம் ஃபார் டிமென்ஷியா!' டிமென்ஷியா என்றால், மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது, நம் எல்லாருக்கும் உண்டு. இந்நோய் முற்றினால், சாவி எதற்கு என்பதே மறந்து போகும். பெற்ற பிள்ளையைப் பார்த்து, 'நீ யாருப்பா?' என்று கேட்கும் நிலையும் வரலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2021ல், 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது.

டாக்டர், நர்ஸ் போன்ற படிப்புகளில் உள்ள மாணவர்கள், இருவர் இருவராக, ஒரே குடும்பத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சந்திப்பர். ஊசி போட அல்ல, பேச, கேட்க!

ஆஸ்பத்திரியில் மட்டுமே பார்த்தால், புது இடத்தில் மிரண்டு கிடக்கும் ஒரு நோயாளிதான் தெரிவார். வீட்டுக்குப் போனால்தான், அவர் செடி வளர்ப்பவர், வேடிக்கையாகப் பேசுபவர் என்பதெல்லாம் தெரியும். ராத்தூக்கம் இல்லாமல் அவரைக் கவனிக்கும் மனைவியின் களைப்பும் தெரியும். இங்கே கற்றுத் தருபவர்கள் அவர்கள்தான். மாணவர் கேட்டுக் கொள்பவர். பல ஆண்டு கரும்பலகை முன் நின்ற எனக்கு, இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

'நாம் வந்து போனதையே மறந்து விடுவாரே... பிறகு எதற்குப் போக வேண்டும்?' என்று ஒரு வாண்டு கேட்கலாம். நல்ல கேள்வி!

மூளையில், கடல்குதிரை வடிவில், 'ஹிப்போகேம்பஸ்' என்ற சிறு பகுதி உண்டு. புது நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவுவது அதுதான். மறதி நோயில் அதிகம் காணப்படும் அல்சைமர் வகை, பெரும்பாலும் அதைத்தான் முதலில் தாக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர், அல்சைமர் உள்ள 17 பேருக்கு, சோகப் படக்காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினர். 2014ல் அந்த ஆய்வு வெளியானது. சில நிமிடங்களிலேயே பார்த்ததைப் பெரும்பாலும் மறந்து விட்டனர். ஆனால், மனதில் எழுந்த சோகமும், மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரை நீடித்தன!

'இப்பதானே சொன்னேன்...' என்று ஒரு நர்ஸ் சிடுசிடுத்தால், அந்தச் சொல் மறந்து விடும்; மனம் வாடியது மறையாது. 80 வயது பாட்டி, 'அம்மா எங்கே?' என்று தேடும்போது, 'அவங்க செத்துப் போயிட்டாங்களே' என்றால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டது போல் அழுவார். 'உங்க அம்மா என்ன சமைப்பாங்க பாட்டி?' என்று கேட்டால், முகம் மலரக் கூடும். பழைய நினைவுகள் பலருக்கு நெடுநாள் தங்கும். சொன்ன கதையையே நாலாவது முறை சொல்வார். முதல் முறை போல் கேட்கத்தான் பொறுமை வேண்டும்.

அடுத்த முறை அந்த மாணவர்கள் கதவைத் தட்டும்போது, 'நீங்க யாரு?' என்று அவர் கேட்கலாம். சிரித்தபடி, மறுபடியும் பெயரைச் சொல்லி உள்ளே போவர்.