லிங்கர் கேட்கும் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், லினக்ஸில் குறையின்றி ஓடிய என் சிறு வலைநிரல் ஒன்றை ஹைக்கு என்னும் இயங்குதளத்துக்குக் கொண்டு சென்றேன். மறுநாள் காலை மாணவர் சிலருக்கு அதனை இயக்கிக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். சி மொழியில் எழுதிய அந்நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆயினும் ‘சாக்கெட்’, ‘கனெக்ட்’ முதலிய பெயர்களுக்கு வரையறை காணப்படவில்லை என்ற முறையீடு திரையில் வரிவரியாக வந்தது. நள்ளிரவு வரை நிரலைத் திருத்தினேன். நன்றாக இருந்த வரிகளையும் கெடுத்தேன். குற்றம் நிரலில் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, நாம் எழுதும் நிரல் இரண்டு கருவிகளைக் கடந்தே இயங்கும் கோப்பாகிறது. ஒன்று கம்பைலர், மற்றொன்று லிங்கர். ஒரு செயற்கூறு எவற்றைப் பெறும், எதனைத் திருப்பித் தரும் என்பதைத் தலைப்புக் கோப்பிலிருந்து கம்பைலர் அறிந்துகொள்கிறது. அச்செயற்கூறு எங்கே இருக்கிறது என்று அது கேட்பதில்லை. தேடிப் பிணைப்பது லிங்கரின் கடமை. நாடக விளம்பரத்தில் நடிகரின் பெயர் இருந்தால் கம்பைலருக்குப் போதும். நடிகரே மேடைக்கு வந்துவிட்டாரா என்று பார்ப்பது லிங்கர். ஆதலின் லிங்கர் முறையிடும்போது இன்னொரு தலைப்புக் கோப்பைச் சேர்ப்பதால் பயனில்லை.

லினக்ஸில் ஏன் இத்தொல்லை எழவில்லை? 1983-இல் பெர்க்லியில் உருவான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ், சாக்கெட்டுகளை இயங்குதளத்தின் உட்கருவிலேயே அமைத்தது. அவற்றை அழைக்கும் செயற்கூறுகள் சி மொழியின் பொது நூலகத்தில் இடம் பெற்றன. லினக்ஸும் அவ்வழியே சென்றது. அந்நூலகத்தை நாம் கேளாமலே லிங்கர் சேர்த்துக்கொள்ளும். 1992-இல் வந்த சொலாரிஸ் 2 வேறொரு யூனிக்ஸ் மரபைத் தழுவியது. அதில் ‘சாக்கெட்’, ‘என்எஸ்எல்’ என்னும் இரு தனி நூலகங்கள் இருந்தன. ஹைக்குவில் அந்நூலகத்தின் பெயர் ‘நெட்வொர்க்’, விண்டோஸில் ‘டபிள்யூஎஸ்2_32’. செயற்கூறு ஒன்றே, அது வைக்கப்பட்டுள்ள இடமே வேறு.

பரிகாரம் எளிது. கட்டளை வரியில் ஒரு சிறுகோடும் ‘எல்’ என்ற எழுத்தும் இட்டு, அவற்றை ஒட்டி நூலகத்தின் பெயரை எழுதுக. அதனை உங்கள் கோப்புகளுக்குப் பின்னரே எழுதுக. லிங்கர் இடமிருந்து வலமாகச் செல்வது. நிலைநூலகத்தைக் கடக்கும்போது, அதுவரை தேவைப்பட்டவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எந்த நூலகம் என்று தெரியாவிடில், அச்செயற்கூற்றின் கையேட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அல்லது ‘என்எம்’ என்னும் கருவியைக் கொண்டு நூலகத்துள் அடங்கிய பெயர்களைப் பட்டியலிடுங்கள். விண்டோஸில் மட்டும் பிணைத்தால் போதாது. ‘டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்டப்’ என்னும் செயற்கூற்றை முதலில் அழைத்தாக வேண்டும்.

நிரல் பல தளங்களில் ஓட வேண்டுமாயின், ஒரு தளத்தின் நூலகப் பெயரையே நிலையாக எழுதிவிடலாகாது. ‘ஆட்டோகான்ஃப்’ போன்ற கருவிகள் சிறு சோதனை நிரல்களைப் பிணைத்துப் பார்த்து, தேவையான நூலகத்தைத் தாமே கண்டுகொள்ளும்.

அன்று விடியுமுன் ‘நெட்வொர்க்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். முறையீடுகள் யாவும் நின்றன. ஆயினும் இரவில் நான் கெடுத்த வரிகளைச் சீர்செய்வதிலேயே காலைப் பொழுது கழிந்தது. வந்த மாணவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். ஆகவே பிழைச் செய்தியைக் கண்டதும், பேசுவது கம்பைலரா லிங்கரா என்று முதலில் பாருங்கள். லிங்கர் உங்கள் நிரலைக் குறை கூறவில்லை, ‘எங்கே?’ என்றுதான் கேட்கிறது. அக்கேள்விக்கு விடை சொல்லிய பின்னரே நிரலில் கை வையுங்கள்.