ரூம் கிடைச்சாச்சு... சாவி யாரிடம்?

'டு-லெட்' போர்டைப் பார்த்து போன் போட்டால் முதல் கேள்வியே, "பேச்சுலருங்களா?" என்பதுதான். "ஆமாங்க" என்றால், "பேச்சுலருக்குக் குடுக்கறதில்லீங்க கண்ணு" என்று மரியாதையாக லைன் கட்! பீளமேடு, ஹோப்ஸ், சரவணம்பட்டி என்று கோவையில் ரூம் தேடி அலைந்த எல்லோருக்கும் இந்த டயலாக் மனப்பாடம். அதையும் தாண்டி ஒரு ரூம் கிடைத்தால், அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் தலை சுற்றும். நாலு பேர் சேர்ந்து, அப்பாவிடம் கெஞ்சி, எப்படியோ சமாளித்துவிடுகிறீர்கள்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதே ரூம், அதே ஒழுகுற பைப், அதே ஒற்றை ஃபேன். வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறுதே, எப்படி?

பக்கத்தில் காலேஜ் வந்தது. ஐ.டி. கம்பெனி வந்தது. ரோடு அகலமானது. இதில் எதையும் வீட்டுக்காரர் செய்யவில்லை. ஊரின் உழைப்பும் மக்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் அந்த இடத்துக்கு மவுசு. பலன் மட்டும் பத்திரம் வைத்திருப்பவருக்கு! விளைநிலத்தை உதாரணமாக வைத்து இந்த 'உழைக்காத வரவை' 1817-லேயே விளக்கியவர் டேவிட் ரிக்கார்டோ. அவர் ஒன்றும் கம்யூனிஸ்ட் இல்லை பாஸ்... பங்குச் சந்தையில் பணம் குவித்தவர்!

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர்கள்தான் இடதுசாரிகள். இதில் கோவைக்கு ஒரு ஸ்பெஷல் கனெக்‌ஷன் உண்டு. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோமே... அந்த ஒரிஜினல் மான்செஸ்டருக்கு 1842-ல் வந்து இறங்கினார் ஃபிரெடரிக் எங்கெல்ஸ். வயசு 22. அப்பா பங்குதாரராக இருந்த பஞ்சு நூல் கம்பெனியில் வேலை பழக வந்த முதலாளி வீட்டுப் பிள்ளை. தொழிலாளர்கள் வாழ்ந்த இருட்டுச் சந்துகளைச் சுற்றிப் பார்த்தவர், 1845-ல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். 1872-ல் வீட்டுப் பிரச்னைக்கென்றே தனிக் கட்டுரைகள்.

அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால், ஸ்டிரைக் பண்ணுகிறவனுக்கு வேலையோடு கூரையும் போகும். இரண்டு, ஏழைகளின் குடியிருப்பை அகற்றினால் பிரச்னை தீராது. இன்னொரு இடத்துக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டுமே நம்ம ஊரில் நடந்த கதை.

மில்லுக்குள்ளேயே வீடு!

'சுமங்கலித் திட்டம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார மில்கள் பலவற்றில் இருந்த ஏற்பாடு. ஏழைக் குடும்பத்துப் பெண்கள், உங்களைவிட வயசில் சின்னவர்கள், மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்வார்கள். முடித்தால் கல்யாணச் செலவுக்கு 30 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ரூபாய் வரை. தங்குவது மில் ஹாஸ்டலில். வெளியே போகக் கட்டுப்பாடு, போனில் பேசக் கட்டுப்பாடு. பாதியில் விட்டால் அந்த மொத்தத் தொகைக்கு உத்தரவாதம் இல்லை. 2011-ல் வெளியான சர்வதேச ஆய்வறிக்கைகள் இதையெல்லாம் உலகத்தின் முன் வைத்தன.

"இலவச ஹாஸ்டல்தானே, நல்லதுதானே?" என்று கேட்கலாம். ஆனால் ராத்திரி ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால், "வீட்டுக்குப் போகணும்" என்று அந்தப் பெண் சொல்ல முடியுமா? வீடே கம்பெனிக்குள்தானே இருக்கிறது! 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தூண்டியது சம்பளப் பிரச்னை அல்ல, ஹாஸ்டல் சாப்பாடு. நூல் போய் போன் வந்தாலும் சாவி அதே கையில்!

குளம் பளிச்... குடும்பம் எங்கே?

அடுத்தது எங்கெல்ஸின் இரண்டாவது பாயின்ட். வாலாங்குளமும் முத்தண்ணன் குளமும் இன்று செல்ஃபி ஸ்பாட். கரையில் குடியிருந்த குடும்பங்கள் பல, கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று நகரத்தின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. கான்க்ரீட் வீடு கிடைத்தது உண்மைதான். ஆனால், டவுனில் வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கு பஸ் செலவை யார் தருவது?

இன்னொரு இடமும் யோசிக்க வைக்கிறது. 1974-ல் நாட்டுடைமையான என்.டி.சி. மில்கள். பங்கஜா, கம்போடியா, முருகன் என்று கோவையில் இருக்கும் இவை, 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற பிறகு பழையபடி ஓடவில்லை. எல்லாம் நகரத்துக்குள் இருக்கும் பொதுச் சொத்து. மில்லா, வீடா, மாலா... அந்த நிலம் நாளைக்கு என்னவாக வேண்டும் என்பதில் உங்களுக்கும் ஒரு குரல் இருக்கு.

இடதுசாரிகள் சொன்னால் வேதமா?

இல்லை. எதிர்க்கேள்வியும் நியாயமானது. மில் வேலையில் சேர்த்த பி.எஃப். பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மாத்திரை வாங்கும் பெரியவர் வில்லனா? வாடகையை ரொம்ப இறுக்கினால், வீட்டைப் பூட்டியே போட்டுவிட மாட்டார்களா? 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மேல் இந்தப் புகார் இருந்தது. இடதுசாரிகளின் பதில்: தனிமனிதரைத் திட்டாதே, போட்டிக்கு அரசே வீடு கட்டட்டும். வியன்னா நகரம் 1920-களில் அதைத்தான் செய்தது. இன்றும் அங்கே பாதிப் பேர் மாநகராட்சி வீட்டிலோ, அரசு உதவி பெற்ற வீட்டிலோதான் இருக்கிறார்கள். அதனால் தனியார் வீட்டு வாடகையும் இஷ்டத்துக்கு எகிற முடிவதில்லை.

சரி, நம் கையில் என்ன இருக்கு? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால், 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாலும் உண்டு! கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பெண்கள் ஹாஸ்டல் என்றால் இன்னொன்று: 2014-ம் வருஷச் சட்டப்படி உரிமம் வேண்டும். காலேஜ் ஹாஸ்டலோ, மில் ஹாஸ்டலோ, எல்லாவற்றுக்கும்தான். 'லைசென்ஸ் இருக்குங்களா?' என்று கேட்பது தப்பே இல்லை.

தனி ஆளாகக் கேட்டால், "வேற ரூம் பார்த்துக்கப்பா" என்பதுதான் பதில். அதே தெருவில் ரூம் எடுத்திருக்கும் 40 பேர் சேர்ந்து, ஒரே மாதிரி ஒப்பந்தம் கேட்டால்? சங்கம் என்பது மில் கேட்டுக்கு மட்டுமே சொந்தமான வார்த்தை இல்லை, நண்பர்களே!