எடைக்கு அல்ல, வெப்பத்துக்கே விலை!

திருநின்றவூர், திருவள்ளூர் பகுதிகளிலிருந்து சவுக்கு விறகு, உமி, கடலை ஓடு போன்றவற்றைக் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் பாய்லர்களுக்கு விற்பவரா நீங்கள்? எடைமேடைச் சீட்டை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். ஆலைக்குத் தேவை வெப்பம். ஒரு கிலோ எரிபொருள் முழுமையாக எரிந்தால் கிடைக்கும் வெப்பமே அதன் கலோரி மதிப்பு.

எப்படி அளக்கிறார்கள்?

இதற்கான கருவி 'பாம் கலோரிமீட்டர்'. பொடியாக்கிய சுமார் 1 கிராம் மாதிரியைத் தடித்த எஃகுக் கலனில் வைத்து, ஆக்சிஜனை அதிக அழுத்தத்தில் நிரப்புவார்கள். கலனைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரத்தால் மாதிரியைப் பற்றவைப்பார்கள். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்பதை வைத்துக் கலோரி மதிப்பைக் கணக்கிடுவார்கள். கருவி சரியாக அளக்கிறதா என்பதை, கலோரி மதிப்பு முன்பே தெரிந்த பென்சாயிக் அமிலத்தை எரித்துச் சரிபார்ப்பார்கள்.

நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி தரும். உமியில் சாம்பல் அதிகம் என்பதால் 3,000 முதல் 3,500 வரைதான் கிடைக்கும்.

ஈரம் செய்யும் வேலை

40 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ பச்சை விறகில் காய்ந்த பொருள் 600 கிலோதான். கிலோவுக்குக் கிடைப்பது 2,700 கிலோ கலோரி. அதிலும் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். அதே விறகை 15 சதவீத ஈரம் வரை காயவைத்தால் எடை சுமார் 706 கிலோவாகக் குறையும். ஆனால், கிலோவுக்கு 3,825 கிலோ கலோரி கிடைக்கும்.

உதாரணமாக, பச்சை விறகு கிலோ 3 ரூபாய் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 3,000 ரூபாய். காயவைத்து அதே விலைக்குக் கொடுத்தால் 2,118 ரூபாய்தான். காய்ந்த விறகுக்குக் குறைந்தது 4.25 ரூபாயாவது கேட்டால்தான் நஷ்டமில்லை. காயவைத்த கூலியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* ஆய்வில் எரிவது 1 கிராம்தான். எனவே லோடின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியையே கொடுங்கள்.
* அறிக்கையில் உள்ள மதிப்பு ஈரத்தோடு கூடியதா, முழுதும் உலர்த்திய பிறகு எடுத்ததா என்று கேளுங்கள். இரண்டையும் குழப்பினால் விலையில் தகராறுதான் மிஞ்சும்.
* விறகுச் சிராய் 100 கிராமை, 105 டிகிரி அவனில் எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். 70 கிராம் மிஞ்சினால் ஈரம் 30 சதவீதம்.
* உமியையும் கடலை ஓட்டையும் மழையில் நனையாமல், மண் கலக்காமல் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

அடுத்த லோடு ஏற்றும் முன், ஈர அளவைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.